வீட்டுக் கம்பியில் ஒளிந்த குறை

2009ஆம் ஆண்டு இராசிபுரத்தில் என் தமக்கையார் இல்லத்தில் தொலைபேசி மணி ஒலிக்கும்போதெல்லாம் இணையத் தொடர்பு அறுந்து போயிற்று. மருமகன் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றே இறுதி நாள். மச்சான் மோடத்தைப் பழித்தார். பாவம், அது குற்றமற்றது!

ஒரே செம்புக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும், பிராட்பேண்ட் சமிக்ஞை 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் செல்கின்றன. அவற்றைப் பிரிப்பது ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டி. அதற்கு முன்பாகவே ஒரு கிளைக் கம்பி பிரிந்து மாடித் தொலைபேசிக்குச் சென்றிருந்தது. பெருநாள் விருந்தினருக்காக மச்சானே இழுத்த கம்பி அது!

வெளியிலிருந்து வரும் கம்பியை உள் இணைப்புகள் யாவற்றினின்றும் கழற்றி, மோடத்தை மட்டும் அதில் பொருத்தினோம். கைப்பேசியிலிருந்து வீட்டு எண்ணை அழைத்தும் தொடர்பு அறவில்லை. குறை வீட்டுக்குள்ளேதான் என்பது தெளிவாயிற்று. மாடிக் கிளையைத் துண்டித்தோம். இஷாவுக்கு முன்பே விண்ணப்பம் சென்று சேர்ந்தது.

கண்ணாடியிழை வந்துவிட்ட இல்லங்களில் இத்தொல்லை இல்லை. செம்புக் கம்பியே உள்ளவர்கள் மாடிக்குரிய கிளையை ஸ்ப்ளிட்டரின் தொலைபேசித் துளையிலிருந்தே எடுத்தல் வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் ஈரத்தில் பச்சை பூத்திருக்கும், அவற்றையும் பாருங்கள். மணி ஒலிக்கையில் மின்னழுத்தம் மிகும். அப்பொழுது வெறுங்கம்பியைத் தொடாதீர்கள். மச்சான் தொட்டார்.