சம்பளப் பேச்சு நடக்கும் நாட்களில் எங்களோடு நில்லுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பொதுமக்களுக்குத் தோட்டத் தொழிலாளர்களின் வேண்டுகோள்



எங்கள் நாட்சம்பளம் பேசப்படுவது கொழும்பில். பேசுகிறவர்கள் கம்பனிக்காரர்களும் சங்கத் தலைவர்களும் அரசாங்க அதிகாரிகளும். கொழுந்தெடுக்கும் பெண் அந்த அறையில் இல்லை. அவள் தன் பங்கைச் சொல்ல இருக்கும் இடங்கள் பிரட்டுக்களமும் தொழிற்சாலை வாசலும் வீதியோரமும்தான். அங்கே அமைதியாகப் பதாகை பிடித்து நிற்கும் எங்கள் உரிமையைக் காக்க உங்கள் துணையைக் கேட்கிறோம்.

இந்த உரிமையை யாரும் எங்களுக்குத் தானமாகத் தரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார். அதே ஆண்டில்தான் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கிடைத்தது. 1986இல் பிரஜாவுரிமை கேட்டுக் காலை நேரங்களில் மலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் இருந்தோம். நாடற்றவர்களாக விடப்பட்டிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டிலேயே வந்தது. கல்லெடுத்து எறிந்து வாங்கியவை அல்ல இவை.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. சேமலாப நிதி அந்த 500க்குத்தான் கணக்கு. மிச்சமெல்லாம் வரவுக்கும் விளைச்சலுக்கும் தேயிலை விலைக்கும் என்று பிரித்துச் சேர்த்த கொடுப்பனவுகள். வரவுக் கொடுப்பனவு வேண்டுமானால் நூற்றுக்கு 75 வேலைநாள் வந்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு 2018 ஒக்டோபர் 24இல் எங்கள் பிள்ளைகள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டார்கள். டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம். 2019 ஜனவரி 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் வாய்மூடி இருந்திருந்தால் அந்த 200உம் வந்திராது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வர 2021 மார்ச் வரை காத்திருந்தோம். அதன் பிறகு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதிலிருந்து எங்கள் சம்பளம் சம்பள நிர்ணய சபையும் வர்த்தமானியும் நீதிமன்றமுமாக இழுபட்டது. 2024இல் 1,700 ரூபா என்று அறிவித்து, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, கடைசியில் 1,350இல் வந்து நின்றதை நீங்களும் பார்த்தீர்கள்.

வேலைக்குப் போகாமல் நிற்பது எங்களுக்குச் சும்மா கிடைக்கும் ஓய்வல்ல. அன்றைக்குப் பேர் கிடையாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கொழுந்து முற்றிப்போகும். முற்றிய மலையில் திரும்ப இறங்கி, அரும்பு தேடி, எடை குறைந்து, அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்புகிறவளும் அதே பெண்தான். அத்தனையும் தெரிந்துதான் படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளை எழுதிக்கொடுத்த அட்டையை அவள் கையில் எடுக்கிறாள்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. அமைதியாக ஒன்றுகூடவும் தொழிற்சங்கம் அமைக்கவும் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை இடம் தருகிறது. சங்க நடவடிக்கையில் ஈடுபட்டதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வது 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி குற்றம். அப்படியிருந்தும் பதாகை பிடித்தவரின் பெயரைத் துரை குறித்துக்கொள்வார் என்ற பயம் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.

எனவே கேட்கிறோம். கடைக்கார அண்ணன்மாரே, போராட்ட வாரத்தில் கடன் கொப்பியை மூடிவிடாதீர்கள். பஸ், ஆட்டோ ஓட்டும் தம்பிமாரே, நாங்கள் நிற்கும் இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். வீதியை முழுதாக மறிக்க மாட்டோம். அம்புலன்சுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் எப்போதும் வழி உண்டு. வெளியாட்களே, எங்களுக்குப் பதிலாகக் கொழுந்தெடுக்க லொறியில் ஏற்றினால் தயவுசெய்து ஏறாதீர்கள். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, பொலிஸ் முறைப்பாடு வந்தால் நிலையத்துக்கு எங்களோடு வாருங்கள். தோட்ட உத்தியோகத்தர்களே, நின்றவர்களின் பட்டியலைக் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

சங்கத் தலைவர்களிடமும் ஒன்று சொல்கிறோம். அடுத்த ஒப்பந்தம் எதுவானாலும், போராடும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கி வராதீர்கள். கையெழுத்துப் போடுமுன் அதைத் தமிழில் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள்