பீச் கன்று வாங்குமுன் குளிரைக் கேளுங்கள்

வங்கியில் இருந்த காலத்தில் தோட்டக்கலைக் கடனுக்கான திட்ட அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கன்று விலை, குழி வெட்டுக் கூலி, ஐந்தாம் வருட மகசூல் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அந்த ஊரில் எத்தனை மணி நேரம் குளிர் அடிக்கும் என்பதற்கு மட்டும் இருக்காது. பீச் மரத்துக்கு அதுதான் முதல் கணக்கு.

இப்போ சமவெளி நர்சரிகளிலும் பீச் கன்று கிடைக்கிறது. 'எல்லா மண்ணுக்கும் வரும்' என்கிறார்கள். மண்ணுக்கு வரலாம் ஐயா, நம்ம மார்கழிக்கு வருமா? இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும் மரம் இது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போதுமான நேரம் குளிர்ந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். இல்லாவிட்டால் பேருக்கு நாலு பூ. பஞ்சகவ்யாவைக் குடம் குடமாக ஊற்றினாலும் அந்தக் குறை தீராது.

எல்பர்ட்டா என்ற ரகத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ப் என்ற விவசாயி 1870களில் தேர்ந்தெடுத்து, மனைவியின் பெயரை வைத்தார். மஞ்சள் சதை, கொட்டை தனியாகக் கழன்று வரும், அருமையான பழம். ஆனால் சுமார் 800 மணி நேரக் குளிர் கேட்கும். ஃப்ளோரிடாவில் உருவான ஃப்ளோர்டாசனுக்கு 300 மணி நேரம் போதும். அதனால்தான் பஞ்சாப் சமவெளியிலும் காய்க்கிறது. ஷான்-இ-பஞ்சாபும் அந்தக் கூட்டம்தான். நீலகிரி, கொடைக்கானல்காரர்கள் இந்த மாதிரி ரகங்களைத்தான் கேட்க வேண்டும். கீழே இருக்கிற நமக்கு? வேண்டாம் என்பேன். குளிர் போதாத இடத்தில் ஹைட்ரஜன் சயனமைடு தெளித்து மொட்டை எழுப்புகிறவர்கள் உண்டு. கடும் விஷம் அது. அதைத் தெளித்துத்தான் காய்க்கும் என்றால் அந்த மரம் நம்ம மரமே இல்லை.

மலையில் வைப்பவர்கள் கவாத்துக்கு அஞ்சக் கூடாது. போன வருடம் விட்ட குச்சியில்தான் இந்த வருடம் காய்க்கும். வெட்டாமல் விட்டால் காய்ப்பு நுனிக்கு ஏறிப்போகும். பிஞ்சுகளை ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் 15 செ.மீ. இருக்கிற மாதிரி களைந்துவிடுங்கள். கை நடுங்கத்தான் செய்யும், களையாவிட்டால் கிளை முறியும், பழம் கோலிக்குண்டாக நிற்கும். வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. பழ ஈ விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரையும் அது கேட்கும் குளிர் நேரத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த நர்சரிக்குப் போய்விடலாம்.