கூரைமேல் ஏறுபவரின் மூச்சு

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போடும் வேலை இன்று நம் ஊர்களில் பரவலாக நடந்து வருகிறது. வீடு, பட்டறை, பள்ளிக்கூடம், பங்கு மண்டபம் என எங்கும் இதைக் காண்கிறோம். கூலி எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பேசி முடிக்கப்படுகிறது. கூரைமேல் ஏறுபவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

சிமெண்டோடு இறுகிய கல்நார், முழுதாக இருக்கும்வரை பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. அதை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. அதனால் வரும் நுரையீரல் இறுக்கமும் புற்றுநோயும் பல ஆண்டுகள் கழித்தே, சிலருக்கு 40 ஆண்டுகள் கழித்தும், வெளிப்படுகின்றன.

இதனால்தான் 1995-ஆம் ஆண்டு நமது உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை அவர் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என ஆணையிட்டது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அப்பதிவேட்டில் இடம்பெறுபவர் ஆலையில் பெயர் உள்ளவர் மட்டுமே. ஒரு நாள் கூலிக்குக் கூரை பிரிப்பவருக்குப் பதிவேடும் இல்லை, பரிசோதனையும் இல்லை. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துள்ள கல்நார், நம் நாட்டில் இன்னும் இறக்குமதியாகிக் கூரைத் தகடாகிறது. எனவே இந்த வேலை விரைவில் ஓயப்போவதில்லை.

அன்புக்குரியவர்களே, அந்த ஒரு நாளுக்கு அவருடைய முதலாளி நாம்தான். அப்படியானால் சில பொறுப்புகளும் நம்முடையவை. தகடுகளை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்வோம். மின் ரம்பத்தை அனுமதியாதிருப்போம். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழைகளைத் தடுக்காது; நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசத்தை நாமே வாங்கித் தருவோம். தூசியை உலர்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் செய்வோம். உடைந்த துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றாகக் கட்டி வைப்போம். பள்ளம் நிரப்பப் பயன்படுத்த வேண்டாம். வேலை உடையோடு அவர் வீடு திரும்பக் கூடாது. அதைத் துவைக்கும் மனைவியையும், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையையும் அத்தூசி விட்டுவைக்காது.

இவற்றால் வேலை ஒரு நாள் நீளலாம். செலவும் சற்றுக் கூடலாம். ஆனால் இன்று நாம் மிச்சப்படுத்தும் பணத்திற்கு, பல ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறி விலை கொடுப்பவர் வேறொருவர். அப்போது அவர் நம் வாசலுக்கு வந்து நியாயம் கேட்கப் போவதில்லை. எந்தக் கூரையில் அந்த நோய் தொற்றியது என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கேட்க வர இயலாதவருக்கு உரியதை முன்கூட்டியே கொடுப்பதுதான் நீதி.