சொல்லத் தெரிந்தவர்கள் தேவை!

வடலூர் நாலு ரோட்டில் காலை நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கடலூருக்குப் படிக்கப் போகிறவர்கள் உண்டு. பலருடைய கையில் செல்போன். காதில் ஒரு சின்னக் கருவி. யாரோ ஒருவர் அவர்கள் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பேச்சுக்கு ‘பாட்காஸ்ட்’ என்று பெயர். ரேடியோ மாதிரிதான். ஆனால், ரேடியோவில் பேச்சு போனால் போனதுதான். இதை நினைத்த நேரத்தில் கேட்கலாம். புரியாவிட்டால் மறுபடியும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம்.

காதுக்குள் பேசுகிறவர் யார்? அவர் சொல்வது உண்மையா? இது சாதாரணக் கேள்வி அல்ல. உயிரைப் பற்றிய கேள்வி.

இரண்டு மணி நேரம்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 6½ மணி அளவில், சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. அதனால் எழுந்த பேரலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய 2 மணி நேரம் ஆயிற்று.

கடலுக்கு அடியில் பெரிய நில அதிர்ச்சி ஏற்பட்டால் பேரலை வரக்கூடும் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஆனால், கரையில் இருந்த மக்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். கடலூருக்குப் பக்கத்தில், புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் நிலையம் நடந்து வந்தது. காற்று எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரம் எழும் என்று அங்கிருந்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். டெலிவிஷனில் பேரலைச் செய்தியைப் பார்த்தார். உடனே ஊருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கி முழங்கியது. “ஓடுங்கள்” என்றதும் ஊரே ஓடியது. வீடுகள் இடிந்தன. படகுகள் உடைந்தன. ஆனால், 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

கடல் ஒன்றுதான். அலையும் ஒன்றுதான். இந்த ஊரில் சொல்ல ஆள் இருந்தது. அந்தக் குரலை நம்பும் பழக்கமும் மக்களுக்கு இருந்தது.

ரேடியோ நெல்

நல்ல குரல் உயிரைக் காக்கும். வயலையும் விளைய வைக்கும்.

1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. குறுகிய காலத்தில் விளையும் ரகம். அதை எப்படிப் பயிரிடுவது, எப்போது உரம் இடுவது என்று திருச்சி ரேடியோ விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சைச் சீமையில் அந்த நெல் வேகமாகப் பரவியது. மக்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். என்ன பெயர்? ‘ரேடியோ நெல்!’

கண்டுபிடித்தவர் விஞ்ஞானி. விளைவித்தவர் விவசாயி. நடுவில் நின்று சொன்னது ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் மக்கள் பெயர் சூட்டினார்கள்!

வக்கீலும் என்ஜினீயரும்

தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு.

பெ.நா.அப்புசுவாமி 1891-ல் பெருங்குளத்தில் பிறந்தவர். தொழிலுக்கு அவர் வக்கீல். 1917-ல் விஞ்ஞானக் கட்டுரை எழுதத் தொடங்கினார். ‘விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா?’ என்று படித்தவர்களே சந்தேகப்பட்ட காலம் அது. அவர் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. எழுதிக் காட்டினார். 1986-ல் மறையும் வரை, ஏறக்குறைய 70 ஆண்டு காலம் தமிழுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தார்.

எழுத்தாளர் சுஜாதா என்ஜினீயர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற தலைப்பில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். டீக்கடையில் இருந்தவரும் விஞ்ஞானம் பேசினார்!

ஒருவருக்குச் சோறு போட்டது கோர்ட்டு. இன்னொருவருக்குச் சோறு போட்டது கம்பெனி. விஞ்ஞானம் சொல்வது அவர்களுக்கு ஓய்வு நேர வேலை. இன்றைக்கு அது போதாது. இதையே முழு நேரத் தொழிலாகச் செய்யும் ஆண்களும் பெண்களும் வேண்டும்.

எப்படிச் சொல்வது?

இந்தத் தொழிலுக்கு என்ன தகுதி வேண்டும்? விஞ்ஞானம் படித்திருப்பது நல்லது. நல்ல தமிழ் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

ஓர் உதாரணம். ‘கடலூரில் 10 சென்டிமீட்டர் மழை’ என்று செய்தி வருகிறது. 10 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சென்ட் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் ஏறக்குறைய 4,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 270 குடம்! இப்படிச் சொன்னால் குடம் தூக்கிய அம்மாவுக்கு உடனே புரியும். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தால் என்ன என்ற யோசனையும் பிறக்கும்.

எளிதாகச் சொன்னால் மட்டும் போதாது. சரியாகவும் சொல்ல வேண்டும். ஒரு விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்றால், நல்ல நிருபர் அவரிடம் ஆதாரம் கேட்பார். அந்த ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத இன்னொருவரிடமும் விசாரிப்பார். எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தை மனிதனுக்கு வந்துவிட்ட மருந்து என்று எழுத மாட்டார். தவறு செய்துவிட்டால், ‘நேற்றுச் சொன்னது தவறு’ என்று அதே குரலில் சொல்வார். பாட்காஸ்ட் பேச ஒரு செல்போனும் அமைதியான அறையும் போதும். நேர்மைதான் முதல் முதலீடு.

11-ம் எண் கூண்டு

புயல் வந்தால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1-ம் எண், 2-ம் எண் கூண்டுகள் தூரத்தில் உள்ள ஆபத்தைக் குறிக்கும். எண் ஏற ஏற ஆபத்து நெருங்கும். 8, 9, 10 மிகப் பெரிய ஆபத்து. அப்படியானால் 11? அது இன்னும் பெரிய புயலா?

இல்லை. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று என்பதுதான் 11-ம் எண்ணுக்கு அர்த்தம்.

இன்றைக்குப் பல வீடுகளில் 11-ம் எண் கூண்டு ஏறி இருக்கிறது! விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது வீட்டுக்கு வந்து சேருவது இல்லை. அந்த இடத்தைப் பொய் பிடித்துக்கொள்கிறது. ‘இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் பறந்துபோகும்’ என்று செல்போனில் ஒரு குரல் சொல்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருவர் நிறுத்திவிடுகிறார். கண் கெடுகிறது. சிறுநீரகம் கெடுகிறது. பொய்யான குரலைத் திட்டினால் மட்டும் அது ஓயாது. அதைவிட நல்ல குரல் அதே காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

என்ன செய்யலாம்?

பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் சினிமாவுக்கு நிருபர் வைத்திருக்கின்றன. விளையாட்டுக்கும் நிருபர் வைத்திருக்கின்றன. விஞ்ஞானத்துக்கும் வைக்க வேண்டும். கைக்குப் போதுமான சம்பளமும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் தங்கள் வேலையை ஊர் மக்களின் தமிழில் சொல்ல ஆள் அமர்த்த வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வடலூர்ப் பையன், “நெய்வேலியில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி எப்படி வந்தது?” என்று கேட்டால், “வாயை மூடு” என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வாத்தியாரிடம் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு வந்ததைத் தங்கைக்குச் சொல்லச் சொல்லுங்கள். மகள், “நான் விஞ்ஞான நிருபர் ஆகப் போகிறேன்” என்றால், “டாக்டர் இல்லையா? என்ஜினீயர் இல்லையா?” என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரு டாக்டர் தம்மிடம் வருகிறவரைக் காப்பாற்றுகிறார். நல்ல நிருபர் ஓர் ஊரையே காப்பாற்றலாம். நல்லவாட்டில் அப்படி ஓர் ஊரைக் காப்பாற்றியது சொன்ன குரல்தானே!

வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவர்களின் வயிற்றுப் பசியை அது ஆற்றுகிறது. அறிவுக்கும் பசி உண்டு. அந்தப் பசிக்கும் ஓர் அடுப்பு வேண்டும். அதை மூட்ட, சொல்லத் தெரிந்தவர்கள் முன்வரட்டும்!