எதிர்நோக்கு என்பது அருகில் அமர்வது

கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து காலைவேளையில் திருவனந்தபுரத்துக்குள் நுழையும் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பேருந்துகளில் இருவகைப் பயணிகளைக் காணலாம். ஒரு வகையினர் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் செல்வோர். மற்றொரு வகையினர் மடியில் பெரிய உறையொன்றைப் பத்திரமாக வைத்திருப்போர். அவ்வுறைக்குள் ஸ்கேன் படங்களும் பரிசோதனை முடிவுகளும் இருக்கும். 1981இல் தொடங்கப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடித் தென் தமிழகத்திலிருந்து வரும் குடும்பங்கள் அவை. நோய் ஒரு சுமையென்றால், மலையாளத்தில் எழுதப்பட்ட அறிவிப்புகளும் நீண்ட வரிசைகளும் மற்றொரு சுமை.

அத்தகையோரிடம் பெரும்பாலோர் கூறுவது ஒன்றே: “கவலைப்படாதீர்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்.” சொல்வோரின் உள்ளத்தில் கள்ளமில்லை. ஆயினும் அச்சொல் பல வேளைகளில் உரையாடலைத் தொடங்குவதற்கன்று, முடித்துவிட்டு நகர்வதற்கே பயன்படுகிறது. கிறிஸ்தவம் போற்றும் எதிர்நோக்கு இதுதானா என்ற வினா எழுகிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சீர்திருத்தத் திருச்சபையினர் ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’ என வழங்கும் இரு கருத்துகளைத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்று ‘நம்பிக்கை’, ‘எதிர்நோக்கு’ எனப் பிரித்து வழங்குகின்றனர். 2025ஆம் ஆண்டின் யூபிலி, ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்னும் கருப்பொருளால் அச்சொல்லைப் பரவலாக்கியது. வரவிருப்பதை நோக்கி முகத்தைத் திருப்பி நிற்றல் என்பது அதன் பொருள். துயருற்றவன் தானாகத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்வது அரிது. அதற்கு மற்றொருவர் தேவை.

திருக்குறளின் ‘ஊக்கமுடைமை’ அதிகாரம் ஊக்கத்தை ஒருவன் தன்னகத்தே உடைமையாகக் கொள்ளும் ஆற்றலாகக் காண்கிறது. புதிய ஏற்பாடு ஊக்குவித்தலையும் ஆறுதலையும் குறிக்கப் பயன்படுத்தும் ‘பராக்ளேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘அருகில் அழைத்தல்’ என்பது வேர்ப்பொருள். யோசேப்பு என்னும் இயற்பெயருடைய ஒருவருக்குத் திருத்தூதர்கள் பர்னபா என்று பெயரிட்டதும் இக்குணத்தை முன்னிட்டே. அனைவரும் அஞ்சி ஒதுக்கிய பவுலை அழைத்துவந்து சபையினர் முன் நிறுத்தியவர் அவர். இங்கு ஊக்கம் ஒருவர் மற்றொருவருக்கு அளிப்பது. இருவர் இன்றி அது நிகழாது.

இதற்கான தமிழ்நாட்டுச் சான்று, மேற்சொன்ன பேருந்துகள் வரும் அதே சாலையில் கரமனைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் அமைந்த உதயகிரிக் கோட்டை அது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றார். நாட்டின் தலைநகரம் அன்று பத்மநாபபுரம். அங்கு அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்டன் அவருக்கு அறிமுகமானார்.

நீலகண்டனின் குடும்பத்துக்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, சொத்துகள் அழிந்தன. அவரது முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் வினவி, அவருக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்று நீலகண்டனின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமான ‘தேவசகாயம்’ என்ற பெயரை ஏற்றார். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். அவ்வுதவி அவரை வந்தடைந்த வடிவமோ, உடன் பணிபுரிந்த ஒருவர் கேட்ட எளிய கேள்வி.

டிலனாய் தேர்ந்த கதை ஆழ்ந்த கவனத்துக்குரியது. யோபுவின் கதை எளிதில் ஆறுதல் தருவதன்று. அனைத்தையும் இழந்த யோபுவைக் காணவந்த நண்பர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்த பின்னர் அவர்கள் துன்பத்துக்கு விளக்கம் கூறத் தொடங்கினர். பாவத்தின் விளைவே துன்பம் என வாதிட்டனர். நூலின் இறுதியில் கடவுளின் கண்டனத்துக்கு ஆளானோர், கடவுளிடம் வழக்காடிய யோபு அல்லர், கடவுளுக்காக வாதாடிய அந்நண்பர்களே. விளக்கம் அளிப்பது வேறு, ஊக்கம் அளிப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறும் பகுதி விவிலியத்தில் அரிது.

ஊக்கமளித்தவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. டிலனாய் குருவோ மறைபரப்பாளரோ அல்லர். தோல்வியுற்ற படைவீரர், தம்மைச் சிறைப்படுத்திய மன்னருக்கே பணிபுரிந்தவர், பிறந்த மண்ணிலிருந்து நெடுந்தொலைவில் வாழ்ந்தவர். இழப்பை அறிந்த ஒருவர் மற்றொருவரின் இழப்பை அடையாளம் கண்டார். பிற்காலத்தில் அவருடைய மகன் 19 வயதில் களக்காட்டுப் போரில் மாண்டார். யோபுவின் கதையைச் சொன்னவர் தாமே யோபுவின் இடத்தில் நிற்க நேர்ந்தது. 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை, இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுடன் இன்றும் உதயகிரிக் கோட்டையில் உள்ளது.

அவ்வுரையாடலால் தேவசகாயத்தின் வாழ்வு வளம் பெறவில்லை. 1749இல் அவர் கைதுசெய்யப்பட்டார். எருமையின் மீது ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சமயத்தின் பொருட்டே கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் நிலைப்பாடு. அதற்குத் திருவிதாங்கூர் வரலாற்றில் ஆதாரமில்லை என ஏ. ஸ்ரீதர மேனன் போன்ற வரலாற்றாசிரியர்கள் மறுத்துள்ளனர். இவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், நம்பினால் செழிக்கலாம் என்னும் இன்றைய மேடைப் பிரசங்கங்களுக்கு இவ்வாழ்வில் இடமில்லை. எதிர்நோக்கு நல்ல முடிவுக்கான உத்தரவாதம் அன்று. முடிவு எதுவாயினும் மனிதன் கைவிடப்பட்டவன் அல்லன் என்னும் உறுதிப்பாடு.

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது பெயரோடு வழங்கிவந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பெயர் அவ்வேளையில் நீக்கப்பட்டதும் பொருத்தமே. தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்டவர்களோடு அவர் வேற்றுமையின்றிப் பழகினார் என்பதே அவர் மீது எழுந்த சினத்துக்குக் காரணங்களுள் ஒன்று எனத் திருச்சபை மரபு கூறுகிறது. பெற்ற ஊக்கத்தை அவர் தம் குலத்தாருக்குள் அடக்கிக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழக்கூடும். கனிந்த சொற்கள் அமைப்புகளை மாற்றுவதில்லை. மாறாக, அநீதியைப் பொறுத்துக்கொள்ளவே மக்களைப் பழக்குகின்றன என்பது அது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. சாதியால் அவமதிக்கப்பட்ட மாணவனிடம் ‘செபியுங்கள்’ என்று மட்டும் கூறுவது ஊக்கமளித்தல் அன்று. யோபுவின் நண்பர்கள் செய்த பிழையே அது. அருகில் அமர்ந்தவர், தேவை எழும்போது அவனோடு எழுந்து புகார் மனுவில் சாட்சியாகக் கையொப்பமிடவும் வேண்டும். பர்னபா பவுலைத் தேற்றியதோடு நில்லாமல், அவருக்காகத் தம் நற்பெயரைப் பணயம் வைத்தார்.

மறைசாட்சியின் இரத்தத்தைப் போற்றும் திருவிழாக்கள், அதற்கு முன் நிகழ்ந்த உரையாடலை மறந்துவிடுகின்றன என்பதே இங்குள்ள இடர். மறைசாட்சியாதல் வெகுசிலருக்கே வாய்ப்பது. ஆதலால் விசுவாச வாழ்வே அசாதாரண மனிதர்களுக்குரியது என்ற எண்ணம் வேரூன்றுகிறது. டிலனாய் செய்ததை எவரும் செய்யலாம். வாடிய முகத்தைக் கவனிப்பது, காரணம் கேட்பது, விடை வரும்வரை காத்திருப்பது ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். திருப்பியனுப்பப்பட்ட ஆய்வேட்டின் இயலை இளையவரோடு அமர்ந்து வரிவரியாகப் படிக்கும் மூத்த ஆய்வாளரும், விடுதியில் இரு நாளாக உணவுக்கு வராத மாணவியின் கதவைத் தட்டும் அறைத்தோழியும் அதே பணியைச் செய்கின்றனர்.

கரமனை வழியே நகருக்குள் வரும் பேருந்தில், உறையை மடியில் ஏந்திய தாய் ஒருவர் மருத்துவக் கல்லூரிக்கு எந்தப் பேருந்தில் ஏறுவதென அறியாது தயங்கக்கூடும். மலையாளமும் தமிழும் அறிந்த ஒருவர் உடன் சென்று, விண்ணப்பத்தை வாசித்துக் காட்டி, வரிசையில் ஒரு மணி நேரம் அவர் அருகில் அமர்ந்தால் நோய் குறைந்துவிடாது. எனினும் ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற சொல்லுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முகம் கிடைக்கிறது.