இரு புறாக்குஞ்சுகளின் பாடம்



மோசேயின் சட்டப்படி ஆண் குழந்தையைப் பெற்ற தாய் நாற்பது நாட்கள் நிறைவுற்றபின் ஆலயத்தில் காணிக்கை செலுத்தவேண்டும். அதற்கு ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் தேவை. ஆட்டுக்கு வசதியற்றோர் இரு காட்டுப்புறாக்களையோ இரு புறாக்குஞ்சுகளையோ கொடுக்கலாம் என்கிறது லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம். திருக்குடும்பத்தின் காணிக்கையாக லூக்கா குறிப்பிடுவது இந்த ஏழைகளின் காணிக்கையையே. பெப்ரவரி 2ஆம் திகதி திருச்சபை இந்நிகழ்வை விழாவாகக் கொண்டாடுகின்றது.

மாசற்ற அன்னைக்குத் தூய்மைச் சடங்கு எதற்கு? இறைமகனை ஆண்டவருக்கு அர்ப்பணிப்பது எதற்கு? "இச்சட்டம் எமக்கன்று" என்று சொல்லும் உரிமை உலகில் எவருக்கேனும் இருந்ததாயின், அது அவர்களுக்கே இருந்தது. அவர்களோ அமைதியாக வரிசையில் நின்றனர். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவிற்கு எருசலேம் செல்லும் கடமை ஆண்களுக்கே விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மரியாவும் நாசரேத்திலிருந்து பலநாள் வழிநடந்து சென்றார். அத்தகைய பெற்றோருக்கே இயேசுவும் பணிந்து நடந்தார்.

அண்மையில் ஒரு தந்தை என்னிடம், "சுவாமி, மகனுக்கு ஞாயிறு காலையில் கணித வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், பிறகு பூசைக்கு ஒழுங்காக வருவான்" என்றார். அவர் பொறுப்பற்ற தந்தையல்லர். மகனின் எதிர்காலத்தை எண்ணி உழைப்பவர். ஆனால் சாதாரண தரத்தின்பின் உயர்தரம் வரும். அதன்பின் வேலை, வெளிநாடு என்று தொடரும். கணிதத்தோடு அம்மகன் வேறொன்றையும் கற்றுக்கொள்கிறான்: மற்றெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் நேரமே கடவுளுக்குரியது என்பதே அது.

திருச்சபையின் சட்டம் இரக்கமற்றதன்று. நோயாளரையும் கைக்குழந்தையைப் பராமரிப்போரையும் அது வருத்துவதில்லை. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும். தக்க காரணமிருப்பின் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது பணிவு. தமக்குத் தாமே விலக்களித்துக்கொள்வதோ பணிவாகாது.

பிள்ளையை ஆலயத்தினுள் அனுப்பிவிட்டு, மரநிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பெற்றோரும் சிந்திக்கட்டும். உரிய நேரத்தில் திருப்பலியைத் தொடங்காத குருக்களாகிய நாமும் சிந்திக்கவேண்டும். நாம் பணியாத சட்டத்திற்குப் பிள்ளைகளைப் பணியச் செய்வது எவ்வாறு?

அத்தந்தையிடம் நான் ஒன்றையே கேட்டுக்கொண்டேன். பெற்றோர் பத்துப்பேர் சேர்ந்து, வகுப்பைத் திருப்பலியின்பின் தொடங்குமாறு ஆசிரியரிடம் வேண்டலாமே என்றேன். அதைக் கேட்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். ஏனைய பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தையும் விடவேண்டும். அந்தக் கூச்சத்தை விடுவதே இன்று நம் குடும்பங்கள் ஆலயத்திற்குக் கொண்டுவரக்கூடிய இரு புறாக்குஞ்சுகள். சிறிய காணிக்கைதான், ஆயினும் ஆண்டவர் அதனை ஏற்றுக்கொள்வார்.