வாசல் இரண்டு, வழி எத்தனை?

கம்பம்மெட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால், வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப்புகள் குமுளி வழியாகச் சுற்றி வரும். நேரம் கூடும், வேலை நிற்காது. கணினி வலையமைப்பில் தடையறாச் சேவை என்பதும் இதுவே.

2021-இல் ஏலக்காய் மின்னணு ஏலம் மேகக் கணிமைக்கு மாறியது. புற்றடியிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் வணிகர்கள் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம் என்றானது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் வாசல் இரண்டானதாலேயே வழியும் இரண்டாகிவிடாது.

ஓபன்ஸ்டாக் மென்பொருளின் வரலாறு இதற்குச் சான்று. 2014-இல் வெளிவந்த அதன் ஜூனோ பதிப்பு, ஒரே வலையமைப்புக் கணுவில் குவிந்திருந்த வழிப்படுத்தும் பணியை, மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கும் கணுக்களுக்கெல்லாம் பகிர்ந்தளித்தது. ஆயினும் தமக்கெனப் பொது முகவரி இல்லாத இயந்திரங்கள் வெளியுலகை அடைய, பழைய மையக் கணுவையே நம்ப வேண்டியிருந்தது. பணியைப் பகிர்வதால் மட்டும் மாற்று வழி உண்டாகிவிடாது.

ஏலத்தில் ஒரு குவியலின் விலை நொடிகளில் முடிவாகிறது. அந்நொடியில் ஒரு மையத்தின் இணைப்பு அறுந்தால் போட்டி குறையும். இழப்பு விவசாயியின் தலையில் விழும். ஆகவே எந்த ஏல மையத்திற்கும் வேறொரு பாதையில் வரும் இரண்டாம் இணைப்பு இன்றியமையாதது. ஏலம் இல்லாத நாளில் முதல் இணைப்பைத் துண்டித்து, இரண்டாவது தாங்குகிறதா என்று சோதிப்பதும் முறையாக நடைபெற வேண்டும்.